குடும்பத்தோடு பஸ், ரயிலில் கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு குடும்பம் அரக்கப்பரக்கப் படியிறங்கி வந்தது. அப்பா கையில் குழந்தையின் தள்ளுவண்டி, அம்மா தோளில் தூங்கும் குழந்தை, நாலு படி பின்னால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாட்டி. அவர்கள் கண்ணெதிரே ரயில் கதவு மூடியது. "மாற நாலு நிமிஷம்னு போட்டிருந்ததே" என்றார் அப்பா.

எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கூட்ட நேரத்தில் போகாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வண்டி மாற செயலி காட்டும் நேரத்தை அப்படியே நம்புவது

செயலி காட்டும் அந்த நாலு நிமிடம், வழி தெரிந்த ஒருவர் கையை வீசிக்கொண்டு தனியாக நடக்கும் கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 300 மீட்டரை நாலு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால் அதே தூரத்துக்கு 6 நிமிடம். அப்புறம் லிஃப்ட். பல நிலையங்களில் பிளாட்பாரத்திலிருந்து டிக்கெட் தளத்துக்கு ஒரு லிஃப்ட், அங்கிருந்து தெருவுக்கு இன்னொன்று. இரண்டிலும் வரிசை. நடுவில் குழந்தைக்குப் பாத்ரூம் வரும். குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ, அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

இரண்டு நிமிடம் பிந்தினால் இழப்பும் இரண்டு நிமிடம்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சரி, கவலையில்லை. அரை மணிக்கு ஒன்று என்றால் அரை மணி போச்சு. தவறவிட்டது கடைசி வண்டி என்றால்?

எங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு ஏரிக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயிலில் வந்து இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மகனுக்கு அப்போது நாலு வயது. மாமியாருக்கு முழங்கால் வலி. ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. லிஃப்டில் இரண்டாவது நடைக்குத்தான் இடம் கிடைத்தது. வெளியே வந்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, பின்விளக்கு மட்டும் தெரிந்தது. நிறுத்தத்தில் இருந்த அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தேன். வார நாட்களுக்கான பத்தியில் அதற்குப் பிறகும் இரண்டு பஸ். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் அந்தக் கட்டங்கள் காலி.

வாடகைக் கார் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கொடுத்த பணம் அன்றைய மொத்த டிக்கெட் செலவைவிட அதிகம். பணம் போனால் போகட்டும். இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ பதறாதே" என்றார் மாமியார். அதற்கப்புறம் ஒரு வருடம், எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் பதில் வந்தது. காலையிலேயே இரண்டு நிமிடம் ஒதுக்கி ஞாயிறு அட்டவணையைப் பார்த்திருந்தால் போதும். இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

இப்போது நான் முதலில் போடுவது திரும்பி வரும் கணக்கைத்தான். வீட்டுக்குப் பக்கத்தில் வரும் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். அந்தக் கடைசி வண்டியைத் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை. அதற்கு முந்தைய வண்டிதான் எங்கள் வண்டி. வண்டி மாற, செயலி சொல்வதைப் போல மூன்று மடங்கு நேரம் வைத்துக்கொள்வேன். கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரம் கொடுக்கும் இடத்திலேயே கடைசி வண்டியைத் தேடும் வசதி இருக்கிறது. போகிற நாளின் தேதியைக் கொடுத்துப் பாருங்கள். குறைவான நடை, குறைவான மாற்றம், சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்றெல்லாமும் தேர்ந்தெடுக்கலாம். தள்ளுவண்டி இருந்தால் சக்கர நாற்காலி வழியையே போடுங்கள். இருபது நிமிடம் கூடுதலானாலும் மாறாமல் போகிற ஒரே பஸ் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதில் ஏறுங்கள்.

இன்னொன்று. அட்டவணையில் இருப்பது உங்கள் நிறுத்தத்துக்கான நேரமா, வண்டி முதலில் புறப்படும் இடத்தின் நேரமா என்று பாருங்கள்.

ஒழுங்கில்லாமல் ஏறுவது

ஒரு பெரியவர் முதலில், குழந்தைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். இறங்கும்போதும் அப்படியே. பெரியவர்கள் இரண்டு பேரும் முதலில் ஏறி, இருக்கை பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதறும்.

பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்வது இரண்டே வரி: "நீ மட்டும் வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அங்கேயே நில். நீ வெளியே நின்றுவிட்டால் அந்த இடத்தை விட்டு நகராதே." இரண்டிலும் தேடி வருவது எங்கள் வேலை. இது புரியாத வயது என்றால் கையை விடவே கூடாது. சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும்.

மூடுகிற கதவில் கை வைப்பது

வைக்காதீர்கள். பை வார், துணி நுனி மாதிரி மெல்லிய பொருள் மாட்டினால் கதவின் சென்சாருக்குத் தெரியாமலே போகலாம்.

எஸ்கலேட்டரில் தள்ளுவண்டி

வேண்டவே வேண்டாம்.

எல்லா டிக்கெட்டும் ஒரே போனில்

போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சிக்கல், போன் வைத்திருப்பவர் பிரிந்துபோனாலும் சிக்கல். டிக்கெட்டுகளில் பாதியை இன்னொருவரிடம் கொடுங்கள்.

ஒரே நாளில் மூன்று இடம்

ஒரு இடம் போதும். சின்னக் குழந்தைகளுக்கு ரயிலில் போவதே பாதி ஊர்சுற்றல். ஜன்னலோரம் உட்கார வைத்து, நிறுத்தங்களை எண்ணும் வேலையைக் கொடுங்கள். நாலு வயதில் என் மகன் விரல்விட்டு எண்ணி, "இன்னும் ரெண்டு இருக்கு, பாட்டி" என்று சொல்லச் சொல்லத்தான் மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழத் தயாராவார்.