கல்லூரி கபடி அணிக்கு ஓராண்டு: பெங்களூரில் சீசன் நடத்துவதும் நிதி திரட்டுவதும்

பணத்தை ஜனவரியில் திரட்டத் தொடங்குங்கள். செப்டம்பரில் போட்டி அறிவிப்பு வந்த பிறகு நன்கொடைப் புத்தகத்தோடு கிளம்பினால், சேரும் தொகை ஜெர்சிக்கே போதாது. அவசரமாகக் கேட்பவருக்கு அவசரத்துக்கு ஏற்ற தொகைதான் கிடைக்கும். களத்தில் விரிக்கும் மேட் இல்லாமல், சத்துக்கு முட்டை இல்லாமல், காலில் சரியான ஷூ இல்லாமல் அணி களத்துக்குப் போகும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வந்து ஆடும் பிள்ளைகளில் பலர், கல்லூரி தராத செலவைத் தாங்களே போட முடியாதவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் திட்டமே போட வேண்டும்.

முதலில் யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி பெங்களூரு பல்கலைக்கழகம், பெங்களூரு நகரப் பல்கலைக்கழகம், கோலாரைத் தலைமையிடமாகக் கொண்ட பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் என எதன்கீழ் இருக்கிறதோ, அதன் உடற்கல்வித் துறைதான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியையும் பல்கலைக்கழக அணித் தேர்வையும் நடத்தும். அங்கே தேர்வாகி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும் வீரருக்கான பயணச் செலவு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பயிற்சி முகாம், உள்ளூர்ப் போக்குவரத்து, சென்னைக்கோ கோவைக்கோ அழைப்புப் போட்டிக்குப் போய்வருவது, காயம் பட்டால் மருத்துவம் ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. நீங்கள் திரட்டுவது இந்தப் பங்குக்கு மட்டும். இரண்டையும் கலந்து எழுதிய பட்ஜெட்டை முதல்வர் அறையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பணத்துக்கு இணையாக முக்கியமானது ஆவணம். ஜூனிலேயே ஒவ்வொரு வீரரின் எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. (பிளஸ் டூ) மதிப்பெண் சான்று, ஆதார், கட்டண ரசீது, கல்லூரி அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழக அளவில் ஆட ஜூலை 1 அன்று வயது 17-க்கும் 25-க்கும் இடையில் இருக்க வேண்டும். முழுநேர மாணவராகவும் இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் வரும்: எஸ்.எஸ்.எல்.சி.யில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து, ஆதாரில் அதே பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். போட்டி மேசையில் உட்கார்ந்திருப்பவர் இருவேறு ஆள் என்று நினைத்தால் அன்றைய ஆட்டம் போனது போனதுதான். ஆதாரைத் திருத்த நாளாகும், ஆகவே அக்டோபர்வரை விட்டுவைக்காதீர்கள்.

இனி மேட். கபடியில் பெரிய செலவு இதுதான், பலரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான். மண்ணில் மட்டும் பழகிய ரெய்டர் (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர்) மேட்டில் இறங்கினால் பாதம் பிடிக்கும் விதமே மாறிப்போகும். திரும்பும்போது முட்டியும் கணுக்காலும் சுளுக்கும், டைவ் அடித்துப் பிடிப்பவரின் கணக்கும் தப்பும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாக வாங்கினால் களத்துக்கு 130 துண்டு. சுற்றிலும் ஒரு வரிசை விட்டால் 15-க்கு 12, அதாவது 180 துண்டு. அந்தக் கூடுதல் 50 துண்டைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். எல்லைக்கு வெளியே தள்ளப்படும் ஆள் சிமெண்டில் விழுவார். பெண்கள் களம் 12-க்கு 8. அதே மேட்டின் மேல் வேறு நிற டேப்பில் கோடு போட்டுக்கொள்ளலாம், தனி மேட் வேண்டாம்.

மேட் கெடுவது பெரும்பாலும் ஆடும்போது இல்லை, எடுக்கும்போது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் பல் போன்ற விளிம்பு கிழியும். ஓரத்திலிருந்து துண்டு துண்டாகக் கழற்றி, படுக்கையாக அடுக்குங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும், மறுமுறை பொருந்தாது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஈரத்துணியால் தூசு துடையுங்கள். தூசிதான் வழுக்கலுக்குக் காரணம்.

மேட்டுக்குப் பணம் கேட்கும் முறை இதிலிருந்தே கிடைக்கிறது. மொத்தத் தொகையைச் சொல்லி "இயன்றதைத் தாருங்கள்" என்றால் பழைய மாணவர் 500 ரூபாய் அனுப்பிவிட்டு மறந்துவிடுவார். "180 துண்டு வேண்டும், ஒரு துண்டின் விலை இவ்வளவு, இதுவரை 64 சேர்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். ஒரு துண்டு வாங்கியவர் தன் வகுப்புத் தோழரிடம் இன்னொன்றைக் கேட்பார். சாப்பாட்டுக்கும் இதே வழி. முகாமில் 20 பேர், ஆளுக்கு 2 முட்டை, வாரம் 5 நாள் என்றால் வாரத்துக்கு 200 முட்டை, அதாவது 30 முட்டைத் தட்டு ஏழு. ஆகஸ்டிலிருந்து 12 வாரத்துக்கு 84 தட்டு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு அதே விலைக்குச் சுண்டலும் வாழைப்பழமும். மொத்தக் கடையில் விலை கேட்டுவிட்டு, "ஒரு வாரம் உங்களுடையது" என்று கேளுங்கள். அல்சூரில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு ஒரு வார முட்டை என்பது உடனே புரியும் தொகை. கடைக்குப் போகும்போது கடிதம் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கட்டும். உடன் வரும் மாணவரில் ஒருவராவது கன்னடம் சரளமாகப் பேசட்டும். கபடி என்ன விளையாட்டு என்று விளக்க வேண்டிய காலம் போய்விட்டது. 2014-இல் புரோ கபடி தொடங்கி, 2019 ஜனவரியில் பெங்களூரு புல்ஸ் கோப்பை வென்ற பிறகு, கடைக்காரரே ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கேட்டுக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள்.

பணம் வரும் வழியில்தான் நல்ல அணிகளும் மாட்டிக்கொள்கின்றன. எந்த மாணவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கும் ஒரு ரூபாய்கூட வரக்கூடாது, அவர் எவ்வளவு நம்பிக்கையான பிள்ளையாக இருந்தாலும். கல்லூரி அறக்கட்டளைக் கணக்கின் க்யூஆர் மட்டும். அனுப்புகிறவர் குறிப்பில் "கபடி" என்று எழுதி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை உங்களுக்கு அனுப்பட்டும். இல்லையென்றால் அலுவலகத்தில் அது கட்டணத்தோடு கலந்துபோகும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. அறக்கட்டளைக்கு நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு பெற்றுத் தரும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் மட்டும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அதற்கு நன்கொடையாளரின் பான் எண் வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது. புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எப்படியும் கிடையாது, ஆகவே வரிச்சலுகையைத் தலைப்பாக வைத்துக் கேட்பதில் பயனில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்கும் முன் ஒரு கேள்வி: கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அந்தப் பணத்தை வாங்கக்கூடாது. அன்போடு அனுப்பிய பணம் கல்லூரிக்கே வழக்காகிவிடும்.

நிறுவனங்களிடம் போகும்போது சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம்) வேறு, ஸ்பான்சர் வேறு என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுக்கும் ஊரக விளையாட்டுக்கும் பயிற்சி தருவதைக் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அனுமதிக்கிறது. ஆனால் ஜெர்சியில் லோகோ போட்டு விளம்பரம் தேடினால் அது சிஎஸ்ஆர் ஆகாது. அது விளம்பரச் செலவு, ஜிஎஸ்டியும் சேரும். சிஎஸ்ஆர் பணத்துக்கு அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்த நிதியாண்டுத் திட்டம் போடும் ஜனவரி முதல் மார்ச் வரையில் போய்க் கேளுங்கள். ஆகஸ்டில் போனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதுதான் பதில்.

கூடுதல் நிதிக்கு ஏழுபேர் கால்பந்துப் போட்டி ஆஸ்டின் டவுன், அல்சூர் பக்கம் எப்போதும் ஆள் சேர்க்கும். பிப்ரவரியில் வையுங்கள், பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மாதம், மைதானம் சேறாகிவிடும். 12 அணி, மூன்று மூன்றாக நான்கு குழு: லீக் 12 ஆட்டம், பிறகு காலிறுதி முதல் இறுதிவரை 7. இடைவேளையோடு ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால் முதல் நாள் காலை 7 மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு லீக் முடியும், மறுநாள் மதியத்துக்குள் மீதி. 16 அணி சேர்த்தால் 31 ஆட்டம், ஒரே மைதானத்தில் இரண்டு நாளில் இருட்டுவதற்குள் முடிப்பது கஷ்டம். ஓர் அணிக்கு நுழைவுக் கட்டணம் 3,000 என்றால் வருவது 36,000. முதல் பரிசு 15,000, இரண்டாம் பரிசு 10,000 என்று நோட்டீஸ் அடித்துவிட்டால் நடுவர், மைதானம், தண்ணீர் எல்லாம் மீதி 11,000-க்குள் அடங்க வேண்டும். கபடி அணிக்கு எதுவும் மிஞ்சாது. கோப்பையும் பதக்கமும் போதும். மிச்சம் கபடி அணிக்கு என்று நோட்டீஸிலேயே எழுதுங்கள். குலுக்கல் சீட்டு விற்கவே வேண்டாம். கர்நாடகத்தில் 2007 முதல் லாட்டரிக்குத் தடை.

வெளியூர்ப் பயணத்தில், 12 வீரர், பயிற்சியாளர், மேலாளர் என 14 பேருக்கு மூன்று டிக்கெட் ஆகும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். தத்கால் என்றால் டிக்கெட்டுக்கு நான்கு பேர், நான்கு டிக்கெட். எல்லாம் உறுதியாகும் என்று நம்பக்கூடாது. பெண்கள் அணி மாலைப் பயிற்சி முடித்து வீடு திரும்பும் ஆட்டோ அல்லது டெம்போ டிராவலர் செலவைப் பட்ஜெட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாமல் வீட்டில் அனுப்ப மாட்டார்கள், நல்ல ஆட்டக்காரியை நீங்கள் இழப்பீர்கள்.

சீசன் முடிந்த 30 நாளுக்குள் பணம் தந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கணக்கு போக வேண்டும்: வந்தது, செலவானது, மிச்சம், எத்தனை ஆட்டம், யார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள். ஒரு வார முட்டை தந்த கடைக்காரருக்கு நேரில் போய் அணிப் படத்தோடு கொடுங்கள். மேட் துண்டுகளின் எண்ணிக்கை, நன்கொடையாளர் பட்டியல், வங்கிக் குறிப்பு மூன்றையும் ஒரே பதிவேட்டில் ஒட்டி, அடுத்த விளையாட்டுச் செயலாளரிடம் டிசம்பருக்குள் ஒப்படையுங்கள். ஜனவரியில் அவர் கேட்கத் தொடங்க வேண்டும்.