கடல் தண்ணீரில் நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள்

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். கையில் டப்பா நிறைய அரிசி, நடுவில் போன். "ராத்திரி முழுக்க அரிசிலதான்பா வெச்சிருந்தேன். காலைல சார்ஜ் போட்டா சூடாவுது, ஆன் ஆவ மாட்டேங்குது" என்றார். கழற்றிப் பார்த்தேன். சார்ஜிங் பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பின்னுக்குள்ளே ஒரு நொய். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு ஷார்ட் ஆகியிருந்தது.

தண்டையார்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த அரிசி வைத்தியத்தைப் பார்த்தாலே மனசு பதறும். அரிசி, போனுக்குள் இருக்கும் ஈரத்தை இழுக்காது; அதன் மாவுதான் உள்ளே போகும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல் அரிசியில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. அதிலும் கடல் தண்ணீர் என்றால் ஈரம் காய்ந்த பிறகும் உப்பு போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு மறுபடி நசநசக்கும், செம்பை அரிக்கும். நம் பக்கத்துக் கடல்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு, "வேலை செய்யுதா பாப்போம்" என்று சார்ஜ் போடுவது. உப்புத் தண்ணீரில் கரண்ட் சுலபமாகப் பாயும். ஈரத்தோடு கரண்டும் சேர்ந்தால், பல நாளில் நடக்கிற அரிப்பு சீக்கிரமே நடந்துவிடும். அந்த அக்காவின் போனை முடித்தது அந்தச் சார்ஜர்தான் என்று நினைக்கிறேன்.

போன் நனைந்தால் முதலில் ஆஃப் செய்யுங்கள். சிம் தட்டை உருவி, சிம்மைத் துடைத்து வேறு போனில் போட்டுக்கொண்டால் பேங்க் ஓடிபி தவறாது. சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். உதறினால் தண்ணீர் இன்னும் உள்ளே போகும். ஹேர் டிரையர் வேண்டாம், ஃபேன் காற்று போதும். கடல் தண்ணீர் என்றால் காயும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுவாருங்கள். போர்டைக் கழற்றி ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவத்தில் பிரஷ் போட்டு உப்பை எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கவோ சார்ஜ் போடவோ கூடாது.

"ஐபி 68 போன், ஒண்ணும் ஆவாது" என்பவர்களுக்கு: ஐபி 68 என்பது போன் தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் நம்பர்; அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புது போனில் செய்வது. ஒருமுறை டிஸ்பிளே மாற்றிய போனுக்கு அந்த நம்பரை நம்பாதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தபோது, தரையில் இருந்த சிபியு பெட்டிகளுக்கும் இதே கதிதான். பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி வையுங்கள்.

நனைந்து பிழைத்த போனை முழுசாக நம்பிவிடவும் கூடாது. ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். ஆன் ஆனதும் முதல் வேலையாக போட்டோக்களை கூகுள் போட்டோஸிலோ பென்டிரைவிலோ ஏற்றிவிடுங்கள். அந்த அக்காவின் மகள் வளைகாப்புப் படங்கள் எல்லாம் அந்த ஒரு போனில்தான். போர்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது; அதற்காகத்தான் தினமும் கொஞ்ச நேரம் அதோடு உட்காருகிறேன்.