நோர்போக் ஆறுகளில் வாடகைப் படகு: கயிறு பிடித்த ஒருத்தி சொல்வது

படகு தேடுவதற்கு முன் உங்கள் வீட்டில் யார் கயிறு பிடிப்பது என்று முடிவு செய்யுங்கள். ஸ்டியரிங்குக்கு எல்லோரும் கை தூக்குவார்கள். எங்கள் வீட்டில் இவரும் மகனும் அதற்காக மூன்று கிழமை சண்டை பிடித்தார்கள். கயிற்றுக்கு ஒருவரும் வரவில்லை, அது என் தலையில் விழுந்தது. இரண்டு தடவை போய் வந்த பிறகு சொல்கிறேன்: ஓட்டுவது ஒன்பது வயது மகளும் பழகிவிட்ட வேலை. படகைக் கரையில் அணைப்பதுதான் வேலை.

நாங்கள் ஆறு பேர்: நான், இவர், பதினாலு வயது மகன், மகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. போன இடம் இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக் புறோட்ஸ். பியூர், ஆன்ட், தேர்ண், யார், வேவனி என்று ஆறுகள், அவற்றோடு ஒட்டிய ஆழமில்லாத ஏரிகள். மொத்தம் 200 கிலோமீற்றர் அளவுக்குப் படகு ஓடலாம், வழியில் ஒரு லொக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) கூட இல்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு தேம்ஸை விட இதை நான் சொல்வது இதற்காகத்தான். தேம்ஸில் கடலின் வற்றுப்பெருக்கு இல்லாத மேற்பகுதியில் மட்டும் நாற்பதுக்கு மேல் லொக். ஒவ்வொன்றிலும் கயிறு பிடித்து, காத்திருந்து, ஏறி இறங்க வேண்டும்.

லைசன்ஸ் தேவையில்லை. சாவி தரும் நாளில் படகுத்துறைக்காரர் உங்களோடு ஏறி, ஓட்டக் காட்டித் தருவார். பெரியவர்கள் எல்லோரும் அப்போது பக்கத்தில் நிற்க வேண்டும். நான் முதல் தடவை குசினியில் சாமான் அடுக்கிக்கொண்டு நின்றேன். காஸ் சிலிண்டரை எங்கே மூடுவது, தண்ணீர்த் தொட்டியின் மூடி எது, டீசல் மூடி எது என்று அவர் காட்டியது இவருக்கு மட்டும். அன்றிரவே இவர் பாதியை மறந்துவிட்டார். யாராவது ஒருவர் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

படகைத் தெரிவு செய்யும்போது விளம்பரத்தில் உள்ள ஆள் கணக்கை நம்ப வேண்டாம். ஆறு பேர் படுக்கலாம் என்றால், அதில் இரண்டு பேர் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டுப் படுக்கிறவர்கள். காலையில் அவர்கள் எழும்பும்வரை ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை. ஆறு பேர் என்றால் எட்டுப் பேர் படகு பாருங்கள், அல்லது ஆறு பேருக்கும் நிரந்தரக் கட்டில் உள்ளதா என்று கேளுங்கள். வயது போனவர்கள் வந்தால் உள்ளே படி குறைந்த, தரை ஒரே மட்டமாக இருக்கிற படகு. கயிறு பிடிக்கிறவருக்காகப் பார்க்க வேண்டியது, படகைச் சுற்றி நடக்க அகலமான விளிம்பும் பிடிக்கக் கம்பியும். கடைசியாகப் படகின் உயரம். மேலே மொட்டைமாடி வைத்த படகு படத்தில் வடிவுதான், ஆனால் தாழ்ந்த பாலங்களுக்குக் கீழே போகாது.

பாடசாலை விடுமுறையில் இந்த அளவு படகுக்கு ஒரு கிழமை ஆயிரம் பவுணைத் தாண்டும். வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை நாலு இரவு என்றும் எடுக்கலாம். முதல் தடவைக்கு நாலு இரவு போதும். லண்டனிலிருந்து காரில் வரலாம், அல்லது லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரெயின் ஏறி நொரிச் வந்து, அங்கே சின்ன ரெயினுக்கு மாறினால் றொக்ஸம். துறைகள் பல அங்கேதான்.

ஓட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றில் வலப்பக்கம் போக வேண்டும். கார் ஓட்டிய பழக்கத்தில் இவர் முதல் நாள் முழுக்க இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்தார். வேகக் கட்டுப்பாடு இடத்துக்கிடம் மணிக்கு 3 முதல் 6 மைல், கரையில் பலகை இருக்கும். பின்னால் வெள்ளையாக அலை சுருண்டு கரையில் மோதினால் உங்கள் வேகம் கூடிவிட்டது. அந்த அலை நாணல் கரையை அரிக்கும், கட்டி நிற்கும் படகில் யாரோ ஊற்றுகிற தேத்தண்ணியையும் கொட்ட வைக்கும். பிரேக் கிடையாது, நிறுத்த ரிவர்ஸ் போட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் கொஞ்சம்தான் திரும்பும், பின்பக்கம் வெளியே வீசும். ஆகவே கரையை விட்டு வெளிக்கிடும்போது பின்பக்கத்தில் கண் வேண்டும். பாய்க்கப்பல் குறுக்கும் மறுக்குமாக வந்தால் பொறுத்து நின்று அதன் பின்னால் போங்கள். இருட்டின பிறகு வாடகைப் படகு ஓடக்கூடாது.

இனிக் கயிறு. முதல் நாள் பின்னேரம் றான்வேர்த்துக்குப் போனோம். அங்கே படகுகள் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து, வரிசையாக ஒட்டி ஒட்டி நிற்கும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு படகுகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி. இவர் ரிவர்சில் வர, பக்கவாட்டில் காற்று அடித்தது. ரிவர்சில் படகு சொல் கேட்காது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், மெல்ல மெல்லப் பக்கத்துப் படகை நோக்கிச் சரிந்தது. அந்தப் படகில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழும்பி நின்றார். மகன் காலை நீட்டித் தடுக்கப் போனான். நான் போட்ட சத்தம் தேவாலயத்துக்கே கேட்டிருக்கும். பல தொன் எடையுள்ள படகு அது, காலைக் கொடுத்தால் கால்தான் போகும். காற்றடைத்த ரப்பர் மெத்தையைக் கயிற்றோடு இடையில் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். நான் கரையில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தேன். படகு அசையவில்லை, நான்தான் வழுக்கினேன்.

அப்பா பருத்தித்துறைக்காரர். மீன் பிடிக்கப் போனவரில்லை, ஆனால் வள்ளங்கள் அணைவதைப் பார்த்து வளர்ந்தவர். உள்ளே இருந்தபடியே சொன்னார்: "பிள்ளை, இழுக்காதை. கட்டையிலை ஒரு சுத்துச் சுத்திப்போட்டுப் பிடி. மிச்சத்தைக் கட்டை பாக்கும்." சுற்றினேன். கயிறு மரத்தில் கிறீச்சென்று இறுகியது, படகு நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ச்சியை எடுக்க எடுக்க, தானாகவே கரைக்கு வந்தது. கிழவர் மறுபடி உட்கார்ந்து தட்டை எடுத்தார்.

அன்றைக்குப் படித்ததோடு பிறகு பழகியதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆற்றுக் கரையில் பக்கவாட்டாக அணையும்போது எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக வாருங்கள். ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், கட்டி நிற்கிற படகுகளின் கயிற்றில் எது இறுகியிருக்கிறது என்று பாருங்கள், அல்லது கட்டையைச் சுற்றி நீர் சுழிக்கிற பக்கத்தை. தேவையென்றால் கடந்து போய்த் திரும்பி வாருங்கள். கரைக்குப் பாயாதீர்கள். காலை எட்டி வைக்கும் தூரம் வரும்வரை பொறுங்கள், வராவிட்டால் இன்னொரு சுற்று வரலாம். முதலில் அணியத்துக் கயிறு, பிறகு பின்கயிறு. வெளிக்கிடும்போது நேர்மாறு: பின்கயிற்றை முதலில் எடுத்து, ஓட்டத்தைப் பார்த்து நிற்கும் அணியத்தைக் கடைசியில். முடிச்சு ஒன்று போதும். கட்டையைச் சுற்றி இரண்டு சுற்று, பிறகு கயிற்றின் மேலேயே இரண்டு அரைமுடிச்சு. வீட்டில் கதிரைக் காலில் பத்துத் தரம் போட்டுப் பழகுங்கள். கரையில் வளையம் இருந்தால் கயிற்றை அதற்குள்ளால் விட்டு நுனியைப் படகுக்கே கொண்டுவந்து கட்டலாம். காலையில் இறங்காமலே அவிழ்க்கலாம், மழை நாளில் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது தடவை தெற்கே, பிரண்டலில் படகெடுத்து யார் ஆற்றில் இறங்கினோம். வடக்கு ஆறுகளில் வற்றும் பெருக்கும் பெரிதாகத் தெரியாது. தெற்கில், முக்கியமாக றீடம் பக்கம், தெரியும். நான் அனுபவசாலி என்ற எண்ணத்தில் அங்கே கயிற்றை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டுப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு மேசையில் இருந்த போத்தல் உருண்டது. நீர் இறங்கிவிட்டது, படகு கயிற்றில் தொங்கி ஒருபக்கம் சரிந்திருந்தது. இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாமல் இவரும் நானும் நைற்றியோடும் சாரத்தோடும் கரையில் நின்றோம். வற்றுப்பெருக்கு உள்ள இடத்தில் கயிற்றைத் தளர விடுங்கள். நேரே குறுக்காகக் கட்டாமல் முன்னும் பின்னும் நீட்டிச் சாய்வாகக் கட்டினால் படகு ஏறி இறங்க இடம் கிடைக்கும். படுக்கும் முன் ஒரு தரம் பாருங்கள்.

வடக்கிலிருந்து தெற்குக்குப் போக கிரேட் யார்மத் நகரத்தையும் பிறேடன் வோட்டர் என்ற அகன்ற நீர்ப்பரப்பையும் கடக்க வேண்டும். அங்கே ஓட்டம் கடுமை, பாலங்கள் தாழ்வு. வற்று முடிந்து சுமார் ஒரு மணித்தியாலத்தில் ஓட்டம் அடங்கி நிற்கும் நிலைநீர் நேரத்தில்தான் கடப்பது. நாலு நாள் பயணத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

பாலங்களுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள தகட்டில் உங்கள் படகின் உயரம் இருக்கும். பாலத்துக்கு முன் ஓர் அளவுப்பலகை அந்த நேரத்தில் எவ்வளவு இடைவெளி என்று அடிக்கணக்கில் காட்டும். இரண்டையும் ஒருவர் உரத்து வாசிக்க வேண்டும். பிறகு கூரையை இறக்கி, எல்லோரும் தலையையும் கையையும் உள்ளே எடுக்க வேண்டும். பொட்டர் ஹையத்தில் உள்ள பழைய கற்பாலத்தை வாடகைப் படகு பைலட் (பாலத்தைக் கடத்திவிடும் உள்ளூர்ப் படகோட்டி) இல்லாமல் கடக்கமுடியாது. படகு உயரமென்றால் பைலட்டாலும் முடியாது. றொக்ஸம் பாலத்துக்கும் பைலட் வேண்டும்.

சமையல். நாலு அடுப்புள்ள காஸ் குக்கர், சின்னக் குளிர்சாதனப்பெட்டி, ஒரு கோப்பை கழுவும் தொட்டி, மூன்று முழம் மேசை. அம்மா முதலில் கேட்டது "இதிலை என்னெண்டு ஆறு பேருக்கு?" என்றுதான். ஆட்டிறைச்சிக் கறியை வீட்டிலேயே வைத்து, தட்டையான பைகளில் உறையவைத்துக் கொண்டுபோனோம். முதல் இரண்டு நாள் அதுவே ஐஸ்கட்டி வேலையும் பார்த்தது. சம்பலுக்கு இடித்த கலவை, வறுத்த மா, பருப்பு, பாண். பொரியல் வேண்டாம். பக்கத்தில் வேகமாக ஒருவர் போனால் எண்ணெய்ச் சட்டி ஆடும். படகு ஓடும்போது கொதிக்கிற எதுவும் அடுப்பில் இருக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளிர் என்று காஸ் அடுப்பைக் கொளுத்திச் சூடு காயவே கூடாது. காபன் மொனொக்சைட் மணமில்லாமல் கொல்லும். படகில் அதற்கு அலாரம் இருக்கிறதா என்று முதல் நாளே அமர்த்திப் பாருங்கள்.

சுடுதண்ணீர் என்ஜின் ஓடினால்தான் வரும். ஆகவே குளிப்பு, படகு கட்டியதும் முதல் அரைமணியில். ஆறு பேர் என்றால் தண்ணீர்த் தொட்டியை ஒவ்வொரு நாளும் நிரப்புங்கள். கழிப்பறைக்குள் சாப்பிட்டுப் போவதும் தாளும் தவிர எதுவும் போகக்கூடாது. ஈரத்துடைப்பான் ஒன்று போனால் போதும், விடுமுறை முடிந்தது. கட்டி நிற்கும் இடத்தில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை என்ஜினை ஓட விடாதீர்கள்.

வழி கேட்பவர்களுக்கு எங்கள் நாலு நாள்: றொக்ஸமில் வெளிக்கிட்டு முதல் இரவு றான்வேர்த். அங்கே தேவாலயக் கோபுரத்தில் 89 படியும் இரண்டு ஏணியும் ஏறினால் ஏரிகள் முழுக்கத் தெரியும். அம்மா கீழே இருந்து ஸ்கோன் சாப்பிட்டார். அடுத்த நாள் சென்ட் பெனட்ஸ் மடத்தின் இடிபாடு, பிறகு ஆன்ட் ஆற்றில் ஹவ் ஹில். ஆன்ட் ஒடுங்கியது, வளைந்தது, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மூன்றாம் நாள் தேர்ணில் வெள்ளைக் காற்றாலை. ஓகஸ்டில் பின்னேரம் மூன்று மணிக்கு முன் இடம் பிடியுங்கள், பிறகு நல்ல கரைகள் நிரம்பிவிடும்.

இந்த ஏரிகள் இயற்கையானவை அல்ல என்று ஜோய்ஸ் லாம்பேர்ட் என்ற தாவரவியலாளர் 1950களில் காட்டினார். இடைக்காலத்தில் மக்கள் எரிப்பதற்காக முற்றா நிலக்கரி (சதுப்பில் செடிகொடி மக்கி உண்டாகும் பீட்) வெட்டிய கிடங்குகள், பிறகு நீர் நிறைந்தவை. மகன் வாசித்துச் சொல்ல, அப்பா ஏரியை ஒரு தரம் பார்த்தார். "அப்ப இது எங்கடை குளம் மாதிரிக் கிண்டினதுதான்." அதன் பிறகு அவருக்கு அந்த இடம் சொந்தமாகிவிட்டது.

தூண்டில் கொண்டுபோவதென்றால் 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தூண்டில் லைசன்ஸ் வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் மீன் பிடிக்கக்கூடாது. பிள்ளைகள் வெளித்தட்டில் நிற்கும் நேரமெல்லாம் உயிர்காப்பு அங்கியோடு. கயிறு பிடிக்கிறவரும்தான்.

ஒப்படைக்கும் நாள் காலையில் சீக்கிரம் வரச்சொல்வார்கள். முந்தின இரவே துறைக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். டீசலுக்குக் கட்டிய முற்பணத்தில் மிச்சம் கையில் வரும். கதிரைகளுக்குக் கீழே உள்ள பெட்டிகளையும் குக்கருக்குள்ளேயும் பாருங்கள். அம்மா பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியை நாங்கள் குக்கருக்குள் விட்டுவிட்டோம். காரில் ஏறும் நேரம் துறைக்காரர் ஓடி வந்து நீட்டினார். தொப்பி என்று நினைத்திருக்கிறார்.