பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறதா? கலிபோர்னியாவில் கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பின்தொடரும் முறை

எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். வழியில் மூடிக் கிடந்த கடைவரிசையின் வேலியில் ஒரு நாள் பெரிய அறிவிப்புப் பலகை முளைத்தது. பல வாரம் அதைப் படிக்காமலே கடந்துபோனேன். கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டு நகரத் திட்டக் குழுவின் கூட்டத்துக்கு ஓடினேன். மைக் முன்னால் நின்று, கிடைத்த இரண்டு நிமிடத்தையும் கார் நிறுத்த இடம் போதாது என்று சொல்வதிலேயே செலவழித்தேன். தலைவர் நன்றி சொன்னார். சற்று நேரத்தில் திட்டம் ஒப்புதல் பெற்றது.

முக்கியமான ரயில், பஸ் நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் வரும் கட்டடங்களுக்கு, இத்தனை கார்களுக்கு இடம் வேண்டும் என்று நகரம் பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது. 2022-இல் நிறைவேறிய ஏபி 2097 என்ற சட்டம் சொல்வது அது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குழுவிடம் இல்லாத அதிகாரத்தை அதனிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: அறிவிப்பு உங்களைத் தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள்

கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, மனையைச் சுற்றி 300 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தபால் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ‘சொத்து வைத்திருப்பவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்கு இருந்தால் அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்காரருக்குப் போகும். வேறு ஊரில் இருக்கும் அவர் அதைப் பிரித்துப் பார்ப்பாரா என்பது அவர் பாடு.

ஆகவே நகரத்தின் இணையதளத்தில் திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலுக்கு மின்னஞ்சல் சந்தா போடுங்கள். உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தச் சொல்லும் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன் வெளியிட்டால் போதும். வெள்ளி மாலை வெளியிட்டுத் திங்கள் மாலை கூட்டம் நடத்தினாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். அந்த வார இறுதியில் உங்களுக்குக் கல்யாண வீடு இருந்தால் கதை முடிந்தது.

படி 2: எந்தக் கூட்டம் என்று பாருங்கள்

‘ஸ்டடி செஷன்’ என்றிருந்தால் அன்று வாக்கெடுப்பு இல்லை. வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கூட்டம் அது. ‘டிசைன் ரிவ்யூ’வில் கட்டடத்தின் தோற்றம், உயரம் படிப்படியாக இறங்கும் விதம், மரங்கள், நடைபாதையைப் பார்த்த முகப்பு ஆகியவற்றைப் பேசுவார்கள். பிறகு திட்டக் குழு. பெரிய திட்டமானால் நகர மன்றம் வரை போகும். எல்லா ஊரிலும் எல்லாக் கட்டமும் இருக்காது. என்னைக் கேட்டால், ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் போக முடியும் என்றால் முதல் கூட்டத்துக்குப் போங்கள். கட்டட நிறுவனம் இன்னும் பென்சிலில் வரைந்துகொண்டிருக்கும் நேரம் அது.

கூட்டமே இல்லாத திட்டங்களும் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் கூபர்டினோவின் வால்கோ பேரங்காடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை என்ன செய்வது என்பது பற்றி 2016-இல் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்ட இரண்டு யோசனைகளும் தோற்றன. 2018 மார்ச்சில் உரிமையாளர் எஸ்பி 35 என்ற சட்டத்தின்கீழ் 2,402 வீடுகளுக்கு விண்ணப்பித்தார். அதில் பாதி குறைந்த விலை வீடுகள். அந்தச் சட்டத்தில் அளவுகோல்கள் பொருந்துகின்றனவா என்று அலுவலர்கள் சரிபார்ப்பதோடு சரி. அதே செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. எதிர்த்துப் போட்ட வழக்கும் 2020-இல் திட்டத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. அப்படிப்பட்ட திட்டத்துக்கு நூறு பேரைத் திரட்டிக்கொண்டு போவதில் பயனில்லை.

படி 3: ஸ்டாஃப் ரிப்போர்ட்டைப் பின்னாலிருந்து படியுங்கள்

நிரலோடு நகர அலுவலர் எழுதிய அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். நூறு பக்கம் என்று மிரள வேண்டாம். கடைசியில் இருக்கும் ஒப்புதல் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். வேலை நேரம், தூசி, நடைபாதை, மரம் நடுதல் என்று உங்கள் அன்றாடத்தைத் தொடும் சங்கதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வரைபடங்கள். வண்ணப் படத்தை நம்பாதீர்கள். அதில் மரங்கள் எல்லாம் முப்பது வயது மரங்கள். வானம் எப்போதும் நீலம். குப்பைத் தொட்டி என்ற பொருளே உலகில் இல்லை. மனை வரைபடத்தில் அந்தத் தொட்டியைத் தேடுங்கள். லாரி எங்கே திரும்பும், எல்லைச் சுவருக்கும் கட்டடத்துக்கும் எத்தனை அடி இடைவெளி (‘செட்பேக்’), பால்கனி யார் வீட்டுக் கொல்லையைப் பார்க்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அடுத்த திட்டம் வந்தபோது நான் இப்படித்தான் தேடினேன். குப்பை அறையின் கதவு, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதைப் பக்கம் திறந்தது. ஸ்டடி செஷனில் அதை மட்டும் சொன்னேன். திருத்திய வரைபடத்தில் கதவு பின்சந்துக்குப் போயிருந்தது.

படி 4: எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நகரம் முன்கூட்டியே எழுதிவைத்த, அளந்து பார்க்கக்கூடிய விதிகளுக்குத் திட்டம் பொருந்தினால், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ திட்டவட்டமான கேடு இருப்பதை நிரூபித்தாலொழிய அதை நிராகரிக்கவோ வீடுகளைக் குறைக்கவோ முடியாது. 1982 முதல் இருக்கும் வீட்டுவசதிப் பொறுப்புச் சட்டம் இது. விதிகளுக்கு உட்பட்ட திட்டத்தை ஐந்து கூட்டங்களுக்கு மேல் இழுத்தடிக்கவும் 2019-இன் எஸ்பி 330 அனுமதிப்பதில்லை; ஒத்திவைத்த கூட்டமும் அந்த ஐந்தில் சேரும். ‘வேண்டாம்’ என்பதற்கு இங்கே மதிப்புக் குறைவு. ‘கதவை அந்தப் பக்கம் வையுங்கள்’ என்பதற்கு மதிப்பு உண்டு.

படி 5: எழுதுங்கள், பேசுங்கள்

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, நிரலில் பெயர் போட்டிருக்கும் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். திட்ட எண், வரைபடத் தாள் எண், உங்கள் கோரிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கடிதம் பொது ஆவணமாகிவிடும். தொலைபேசி எண்ணை எழுதாதீர்கள்.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை, சொந்த வீடும் தேவையில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் பேசலாம். அவர் தமிழில் பேசி நீங்கள் மொழிபெயர்த்தால், உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லாதபட்சத்தில், மற்றவர்களைப் போல் இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அலுவலர், கட்டட நிறுவனம், குழுவின் கேள்விகள், பிறகு நீங்கள் என்பது வழக்கமான வரிசை. உங்கள் திட்டம் ‘கன்சென்ட் கேலண்டர்’ பகுதியில் இருந்தால் விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றிவிடுவார்கள். அதைத் தனியே எடுக்கும்படி கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

படி 6: முடிவுக்குப் பிறகு

மேல்முறையீட்டுக்கான கெடு ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் இரண்டு வாரத்துக்கும் குறைவு, கட்டணமும் உண்டு. முடிவு வந்த இரவே அலுவலருக்கு எழுதிக் கடைசித் தேதியைக் கேட்டுவிடுங்கள். பின்னால் வழக்கு என்று போனால், கூட்டத்திலோ அதற்கு முன் கடிதத்திலோ யாராவது எழுப்பிய பிரச்சினைகளை மட்டுமே வாதிட முடியும் என்று அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலை அதற்காகவாவது பத்திரமாக வைத்திருங்கள்.