பிள்ளைய அமெரிக்கா ஹைஸ்கூல்ல சேர்க்கப் போறீங்களா? மார்க் பத்தி மொதல்ல இத தெரிஞ்சுக்கங்க

ஜூன் மாசம் ஆனா போதும், ஊர்லேந்து புதுசா வந்து இறங்குற குடும்பங்க கிட்டேந்து எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ முடிச்சிருக்கும், வீடு கூட இன்னும் பாத்திருக்க மாட்டாங்க, அதுக்குள்ள கேள்வி வந்துரும், "அக்கா, பெரிய பிரைவேட் ஸ்கூல்ல போட்டா ஸ்டான்ஃபோர்ட் கிடைச்சிருமா, இல்ல அங்க மார்க் கையிறுக்கமா போடுவாங்களாமே, சாதா பப்ளிக் ஸ்கூலே, அதான் இங்க கவர்மெண்ட் ஸ்கூல், நல்லதா?" ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லி முடியல, அதான் இங்க எழுதி வைக்கிறேன். நான் இருக்குறது சான் ஹோசே பக்கம், அதனால கலிஃபோர்னியா விஷயம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

மொதல்ல கட்ஆஃப்ங்குற நினைப்ப விடணும். நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கணக்குக்கு 100, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு அம்பது அம்பது, ஆக மொத்தம் 200, அரை மார்க்குல காலேஜே மாறிப் போகும். 198னா எந்த ஸ்கூல்ல வாங்கினாலும் 198 தான். இங்க அந்த மாதிரி கிடையாது. 9லேந்து 12 வரைக்கும் வாங்குற மார்க் டிரான்ஸ்கிரிப்ட்ங்குற மார்க் பட்டியல்ல போகுது, அதோட சேர்த்து ஸ்கூல் ப்ரொஃபைல்னு இன்னொரு தாள் ஸ்கூல்லேந்தே காலேஜுக்குப் போகுது. இந்த ரெண்டாவது தாள் பத்தி நம்ம ஆளுங்களுக்கு தெரியறதே இல்ல.

எனக்கும் தெரியாது. என் பொண்ணு 11வது படிக்கும்போது கெமிஸ்ட்ரில பி பிளஸ் வந்துச்சு, நான் நைட்டெல்லாம் தூங்கல, காலைல ஸ்கூல் கவுன்சிலர் (பிள்ளைங்களுக்கு காலேஜ் வழி காட்டுறவங்க) முன்னாடி போய் உக்காந்துட்டேன். அந்தம்மா ஒண்ணும் பேசாம டிராயரத் திறந்து ஒரு தாள எடுத்து என் பக்கம் திருப்பி வச்சாங்க. அதுல ஸ்கூல்ல என்னென்ன கோர்ஸ் இருக்கு, எத்தனை ஏபி (காலேஜ் தரத்துல இருக்குற கோர்ஸ்) இருக்கு, மார்க் எந்த ஸ்கேல்ல போடுறாங்க, அந்த வருஷ செட்டுல எத்தனை பேருக்கு எந்த ரேஞ்சுல ஜிபிஏ (எல்லா பாட கிரேடோட சராசரி, பெரும்பாலும் ஏன்னா 4) இருக்குன்னு ஒரு கட்டம் போட்டு இருந்துச்சு. பென்சிலால ஒரு கட்டத்த தொட்டு "உங்க பொண்ணு இங்க இருக்கா"ன்னாங்க. அப்ப தான் எனக்கு மூச்சு வந்துச்சு, பி பிளஸ்ங்குற எழுத்த மட்டும் தனியா யாரும் படிக்கப் போறதில்ல, இந்தக் கட்டத்த பக்கத்துல வச்சு தான் படிப்பாங்கன்னு.

பெரிய பிரைவேட் ஸ்கூல்கள்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா ஸ்கேலே ஒவ்வொரு இடத்துலயும் வேற. மாசசூசெட்ஸ்ல இருக்குற பிலிப்ஸ் ஆண்டோவர்ல 6 தான் உச்சம், நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்குற எக்ஸிடர்ல ஏ வாங்குனா 11. ரேங்க் போடவே மாட்டோம்ங்குற ஸ்கூலும் நிறைய. வாஷிங்டன் டிசி பக்கம் சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ், ஜார்ஜ்டவுன் டே மாதிரி எட்டு ஸ்கூல் சேர்ந்து ஏபி கோர்ஸையே நிறுத்தப் போறோம்னு 2018ல அறிவிச்சாங்க. அதனால பக்கத்து வீட்டுப் பையன் ஜிபிஏ 4.5, நம்ம பிள்ளை 3.7ன்னு ரெண்டையும் வச்சு ஒப்பிட்டுப் பாக்குறதுல அர்த்தமே இல்ல. அவன் ஸ்கூல்ல ஏபிக்கு ஒரு பாயிண்ட் கூட்டி போடுவாங்க, உங்க ஸ்கூல்ல போட மாட்டாங்க, அவ்ளோதான். நிறைய காலேஜ் அவங்க முறைப்படி திரும்பக் கணக்கு போட்டுக்குவாங்க.

அப்ப பெரிய ஸ்கூல்ல பி வாங்கினா ஏ மாதிரி எடுத்துக்குவாங்களான்னா, மாட்டாங்க. கஷ்டமான ஸ்கூல்னு புரிஞ்சுக்குவாங்க, அது உண்மை. ஆனா ஒரே ஸ்கூல்லேந்து வர்ற அப்ளிகேஷன எல்லாம் பெரும்பாலும் காலேஜ்ல அந்த ஏரியாவுக்குன்னு இருக்குற ஒரே அட்மிஷன் ஆபீசர் தான் மொதல்ல படிப்பாரு, உங்க பிள்ளையோட கிளாஸ்ல படிச்ச இன்னும் இருபது முப்பது பேர் தாளும் அவர் டேபிள்ல இருக்கும். ஸ்கூலுக்கு பேர் இருந்தும் நடுவுல நிக்கிற பிள்ளைக்கு அங்க தான் சிக்கல் வருது.

கலிஃபோர்னியாவுல யூசி (பெர்க்லி மாதிரி பல கேம்பஸ் இருக்குற மாநில யூனிவர்சிட்டி) தான் குறின்னா கணக்கே வேற. 10வது 11வது மார்க்க வச்சு தான் யூசி ஜிபிஏ போடுறாங்க, பிளஸ் மைனஸ் ரெண்டையும் கண்டுக்க மாட்டாங்க, ஏ மைனஸும் 4 தான், பி பிளஸ் வெறும் 3 தான். தாராளமா ஏ மைனஸ் போடுற ஸ்கூலுக்கும், கறாரா பி பிளஸ்ல நிறுத்துற ஸ்கூலுக்கும் இங்க முழுசா ஒரு பாயிண்ட் வித்தியாசம் வந்துருது பாருங்க. ஸ்கூல்ல மேல இருக்குற 9 சதவீதத்துக்குள்ள வந்தா யூசில எங்கயாவது ஒரு கேம்பஸ்ல இடம்னு ஒரு ஏற்பாடும் இருக்கு, அது பெர்க்லியாத்தான் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. எஸ்ஏடின்னு காலேஜ் சேர எழுதுற பொதுத் தேர்வ யூசி பாக்கறதே இல்ல, ஆனா எம்ஐடி 2022லயும் ஹார்வர்ட் 2024லயும் திரும்ப வேணும்னு சொல்லிட்டாங்க. டெக்சாஸ்ல இருக்குறவங்களுக்கு ரேங்க் தான் உசுரு, அங்க மாநில யூனிவர்சிட்டியான யூடி ஆஸ்டின்ல ரொம்ப வருஷமா மேல இருக்குற 6 சதவீதத்துக்கு தானா இடம், 2026லேந்து அதையும் 5 ஆக்கியாச்சு.

பணம் கட்டி படிக்க வச்சா பலன் இல்லையான்னா, இருக்கு. ஹார்வர்ட் பொருளாதாரப் பேராசிரியர் ராஜ் செட்டி, நம்ம தமிழ்க் குடும்பம் தான், அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே எஸ்ஏடி மார்க் எடுத்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைய விட, மேல இருக்குற 1 சதவீத பணக்கார வீட்டுப் பிள்ளை ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி காலேஜ்ல சேர வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல இருக்காம். காரணம் மூணு: அப்பா அம்மா அங்க படிச்சிருக்குறது, ஸ்போர்ட்ஸ்ல எடுக்குறது, படிப்பு தாண்டின விஷயங்களுக்கு கொடுக்குற ரேட்டிங். மொதல் ரெண்டும் புதுசா வந்த நமக்கு பெரும்பாலும் கிடையாது. மூணாவதுல பிரைவேட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கை ஓங்கி இருக்கு, கவுன்சிலர் கிட்ட கொஞ்சம் பிள்ளைங்க தான் இருப்பாங்க, ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி தெரியும், அவங்க காலேஜுக்கு எழுதுற சிபாரிசு லெட்டர் அந்த அளவுக்கு நல்லா வரும். வருஷத்துக்கு அம்பதாயிரம் டாலர் தாண்டிக் கொடுத்து நீங்க வாங்குறதுல இது பெரிய பங்கு. கடன் வாங்கித் தான் கட்டணும்னா வேண்டாம்னு தான் நான் சொல்வேன். பப்ளிக் ஸ்கூல்லயும் வருஷா வருஷம் கவுன்சிலர போய் பாத்து பேசிட்டு வர்ற பிள்ளைய அவங்க மறக்க மாட்டாங்க.

இப்ப புதுசா வர்றவங்களுக்குன்னே ஒரு விஷயம். பிள்ளை ஊர்ல ஒன்பதாவது படிச்சிட்டு வந்தா அந்த மார்க்கும் இங்க டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறும். என் பொண்ணு மதுரைல ஒன்பதாவது முடிச்சு வந்தா, சயின்ஸ்ல 78. கிளாஸ்லயே ரெண்டாவது மார்க் அது. இங்க ஆபீஸ்ல 78ஐ அப்படியே சி பிளஸ்னு போட்டுட்டாங்க, இங்க 90க்கு மேல தான் ஏ, எண்பதுகள்னா பி. நாங்க அத கவனிக்கவே ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் பழைய ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட, எங்க ஸ்கூல்ல 35 தான் பாஸ், இந்த கிளாஸ்ல அதிகபட்ச மார்க் இவ்ளோ, இந்த மாணவி இத்தனாவதுன்னு ஒரு லெட்டர் எழுதி வாங்கி கொடுத்தோம். எழுத்து கிரேட எடுத்துட்டு பாடத்த முடிச்சாச்சுன்னு மட்டும் காட்டுற வெறும் கிரெடிட்டா மாத்துனாங்க. எல்லா ஸ்கூலும் மாத்தும்னு இல்ல, ஆனா சேர்க்கும்போதே கேட்டா சுலபம்.

டீச்சருக்கு மார்க் கேட்டு மெயில் அனுப்பாதீங்க, தயவு செஞ்சு. நான் ஒரு தடவை அனுப்பி என் பொண்ணு ஒரு வாரம் என்கிட்ட பேசல. சந்தேகம் இருந்தா பிள்ளையே ஆபீஸ் அவர்ஸ்ல போய் கேக்கட்டும், அந்த டீச்சர் தான் நாளைக்கு ரெகமெண்டேஷன் எழுதப் போறவங்க. 12வதுல அட்மிஷன் வந்தாச்சேன்னு விட்டுறவும் கூடாது, கடைசி மார்க்கும் காலேஜுக்குப் போகும், ரொம்ப சரிஞ்சா கொடுத்த சீட்ட திரும்ப வாங்கவும் செய்வாங்க.

ஹெச்4ல (அப்பா இல்ல அம்மாவோட வேலை விசாவ ஒட்டி வர்ற குடும்ப விசா) இருக்குற பிள்ளைகளுக்கு ஃபெடரல் கவர்மெண்ட் கல்வி உதவி கிடையாது, சில காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் கணக்குல தான் வைப்பாங்க. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரி சில இடங்கள்ல வெளிநாட்டுப் பிள்ளைன்னாலும் பண வசதியப் பாக்காம எடுப்பாங்க, மத்த இடத்துல அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.

ஸ்கூல் பாக்கப் போனா கட்டடம், நீச்சல் குளம் எல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஸ்கூல் ப்ரொஃபைல கேளுங்க, நிறைய ஸ்கூல் வெப்சைட்லயே போட்டிருக்கும். ஒன்பதாவதுல எந்த மேத்ஸ்ல உக்கார வைப்பீங்கன்னு கேளுங்க, ஏன்னா அதுல பின்தங்கினா 12வதுக்குள்ள கால்குலஸ் எட்டாது. இன்னும் ஊர்லேந்து கிளம்பாதவங்க டிசி வாங்கப் போற அன்னைக்கே அந்த ஹெட்மாஸ்டர் லெட்டரையும் கேட்டுருங்க, ஸ்கூல் சீல் வச்சு, ரெண்டு காப்பி, கவர் ஒட்டினது ஒண்ணு, ஒட்டாதது ஒண்ணு.