எதுக்கு மேல எதைப் பூசலாம்: திருகோணமலையில மரவேலை பழகிறவைக்கு

மரவேலையைப் பொழுதுபோக்கா தொடங்கின ஆக்கள் கூடுதலா கேக்கிறது எந்தப் பொலிஷ் நல்லதெண்டு, ஆனா அதுக்கு முதல் இந்தச் சாமான் எங்க நிக்கப்போகுது, அதுல என்ன படப்போகுதெண்டு யோசியுங்கோ. அறைக்குள்ள தொங்கிற படச்சட்டத்துக்கும், உப்புவெளியில கடலைப் பாத்த விறாந்தையில கிடக்கிற வாங்குக்கும் ஒரே டின் சரிவராது.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கி ரேகையை நல்லா எடுத்துக்காட்டும், ஆனா தண்ணிக்குப் பெரிசா தாக்குப்பிடிக்காது. கடையில பொயில்ட் (கெதியில காயிற மாதிரிப் பதப்படுத்தினது) எண்டு கேட்டு வாங்குங்கோ, பதப்படுத்தாத பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில எடுக்கும். தேங்காயெண்ணெய் காயவே காயாது, அதை விட்டுடுங்கோ. அரக்கு (ஷெலாக்) ஸ்பிரிட்டில கரையும், 100 மில்லிலீட்டருக்கு 25 கிராம் போட்டா கையால பூச அளவான பதம், கெதியில காயும், பூசப்பூச ஒரு ஆழமான மினுக்கம் வரும், எனக்கு இதுதான் எல்லாத்திலயும் பிடிச்சது. ஆனா சூடான தேத்தண்ணிக் கோப்பையை வைச்சா வெள்ளை வட்டம் விழுந்திடும், அதால சாப்பாட்டு மேசைக்கு அரக்கு மட்டும் காணாது, மேல பொலியூரிதேன் எண்ட வார்னிஷ் வேணும்.

சேர்த்துப் பூசிறதுதான் கனபேர் குழம்பிற இடம். எண்ணெய், அதுக்கு மேல அரக்கு, அதுக்கு மேல வார்னிஷ், இந்த வரிசை நல்லா வேலை செய்யும், ஏனெண்டா அரக்கு கிட்டத்தட்ட எல்லாத்திலயும் ஒட்டும், நடுவில நிண்டு ரெண்டையும் பிடிச்சுக்கொள்ளும். ஒரு விசயம், சாதாரண அரக்கில மெழுகு கிடக்கும், அதுக்கு மேல பொலியூரிதேன் சரியாப் பிடிக்காது. கரைச்ச போத்தலை ஆட்டாம சில நாள் வைச்சா மெழுகு அடியில மண்டியா படியும், மேல தெளிஞ்சதை மட்டும் மெல்லமா வடிச்செடுங்கோ. வக்ஸ் போடுறதெண்டா எப்பவும் கடைசியில, அதுக்கு மேல ஒண்டும் ஒட்டாது.

தேக்கில தன்ரபாட்டில எண்ணெய் இருக்கு, பூசமுதல் தின்னர் நனைச்ச துணியால துடைச்சு, தின்னர் பறந்த உடன முதல் பூச்சைப் போடுங்கோ. முதிரைக்கு ஸ்டெயின் எண்ட சாயம் போட்டு அந்த மஞ்சள் மினுக்கத்தை மறைக்கிறது எனக்கு மனசு கேக்காது, அரக்கே போதும். வெளியில நிக்கிற சாமானுக்கு வார்னிஷ் எண்டா படகுக்குப் பூசுற, வெயில் தாங்கிற வகையைப் பாருங்கோ.

காலத்தையும் கணக்கெடுக்கோணும். கார்த்திகை மார்கழி மழையில எல்லாம் மெதுவாத்தான் காயும், லெக்கர் (மெத்தக் கெதியில காயிற ஒரு பூச்சு) அடிச்சா காத்தில இருக்கிற ஈரத்தால வெள்ளை பூத்திடும், அந்தநேரம் லெக்கரைத் தொடாதேங்கோ. கச்சான் காத்து வீசுற மாதங்களில பிரச்சினை தூசு, வார்னிஷ் காய நேரமெடுக்கும், அதுக்குள்ள தூசு வந்து ஒட்டிரும், அதால காத்து எழும்ப முதல் விடியப்புறமா, கதவைப் பூட்டிப்போட்டுப் பூசுங்கோ.

இனி முக்கியமானது, வெட்டி மிஞ்சின துண்டு. அதே மரத்தில ஒரு துண்டை எடுத்து 120, 180, 220 எண்ட நம்பர் வரிசையில சாண்ட் பேப்பரால தேய்ச்சு, பென்சிலால மூண்டு பத்தியா பிரிச்சு, ஒண்டில எண்ணெய் மட்டும், அடுத்ததில எண்ணெயும் அரக்கும், கடைசியில மூண்டும் முழுசா பூசிப் பாருங்கோ. எண்ணெய் மணம் போகும்வரை மற்றதைப் பூசவேண்டாம். வார்னிஷை ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் 320 நம்பர் பேப்பரால மெல்லமா தேய்க்கேக்க வெள்ளைத் தூளா உதிர்ந்தா காய்ஞ்சிட்டுது, பிசினா உருண்டு பேப்பரில ஒட்டினா இன்னும் பொறுக்கோணும். எல்லாம் காய்ஞ்சு சில நாளுக்குப் பிறகு துண்டை ஜன்னல் பக்கம் சரிச்சுப் பிடிச்சா பூச்சு எங்க மெல்லிசு, எங்க துலக்கம் குறைவெண்டு தெரியும், அதுக்கு மேல ஒரு சூடான கோப்பையை ஈரத்தோட வைச்சுப் பாத்திட்டு எந்தப் பத்தி நிண்டுபிடிச்சுதோ அதையே மேசைக்குப் பூசுங்கோ.

ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கி மூலைக்குள்ள எறியவே வேண்டாம், அது தானா சூடேறி நெருப்புப் பிடிக்கும். வெளியில கொடியில விரிச்சுக் காயப்போடுங்கோ, இல்லாட்டி தண்ணி வாளிக்குள்ள அமத்தி வையுங்கோ.