சைட்டோகுரோம் சி வெளியே வந்தது சரி, யார் வெளியே விட்டது?

சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கத்து ஆய்வகங்களுக்குப் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு, செல் திட்டமிட்டுச் சாகும் அப்போப்டோசிஸ் பாடம் தலைகீழாகத் தெரியும். லேபிள் ஒட்ட மறப்பது, ஆன்டிபாடியை மாற்றி ஊற்றுவதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

நாமே கிழித்துவிட்டு மருந்துக்குப் பேர் கொடுப்பது

சைட்டோகுரோம் சி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு படலங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் புரதம். சாவு உத்தரவு வந்ததும் பேக்ஸ், பேக் என்ற புரதங்கள் வெளிப்படலத்தில் துளை போடும். சைட்டோகுரோம் சி, செல்லுக்குள் இருக்கும் திரவமான சைட்டோசாலுக்குள் வந்து, ஏபாஃப்-1 என்ற புரதத்துடன் சேர்ந்து, புரதங்களை வெட்டிச் சாவை நடத்தும் காஸ்பேஸ் என்சைம்களில் ஒன்றான காஸ்பேஸ்-9ஐ எழுப்பிவிடும். காஸ்பேஸ்களைக் கிளப்ப இது தேவை என்று ஷியாவ்டாங் வாங்கின் குழு 1996இல் காட்டியதிலிருந்து, எல்லாரும் செல்லை உடைத்து, மைட்டோகாண்ட்ரியாவைச் சுழற்றிப் பிரித்து, மிச்சமுள்ள சைட்டோசாலில் இதைத் தேடுகிறார்கள்.

வினை அந்த உடைப்பதில்தான். செல்லை உடைக்கும் ஹோமோஜெனைசர் கருவியை நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தாலே வெளிப்படலம் கிழிந்துவிடும்.

செல்லைச் சாகடிக்கிறதா என்று ஒரு மருந்தைச் சோதித்த பையன், சைட்டோசாலில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் காட்டும் பளிச்சென்ற பட்டையோடு ஓடி வந்தான். "அக்கா, மருந்து வேலை செய்யுது!"

"மருந்து போடாத செல் எங்கே?"

"அது எதுக்குக்கா? சைட்டோசால்ல காக்ஸ்-4 இல்லையே. மைட்டோகாண்ட்ரியா உடையலைன்னுதானே அர்த்தம்?"

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காக்ஸ்-4 மைட்டோகாண்ட்ரியாவின் உட்படலத்தில் பதிந்திருக்கும் புரதம். வெளிப்படலம் கந்தலானாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் சைட்டோசாலில் கலக்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மருந்து போடாத செல்லை அதேபோல உடைக்கச் சொன்னேன். அதிலும் அதே பட்டை! அதற்குள் அந்த முடிவை நம்பி மற்ற மருந்து அளவுகளையும் ஓட்டி முடித்திருந்தான். ஆன்டிபாடி விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மருந்து போடாத செல்லையும் பக்கத்திலேயே வைத்து, அதே எண்ணிக்கையில் இழுங்கள். இடையிடையே, உடைந்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலச் சாயம் போட்டுப் பார்த்து, பெரும்பாலான செல்கள் உடைந்ததும் நிறுத்துங்கள். பிரிக்கும் முன் செல்லை உறைய வைக்காதீர்கள். உறைந்து உருகினாலும் படலம் கிழியும். அப்புறம், உடைக்காத செல்லில் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பிலும் பாருங்கள். சைட்டோகுரோம் சி மைட்டோகாண்ட்ரியாவை விட்டுச் செல் முழுக்கப் பரவியிருந்தால் நம்பலாம்.

மைட்டோகாண்ட்ரியாவின் படல மின்னழுத்தம் விழுந்தாலே சாவு என்பது

அந்த மின்னழுத்தத்தை நேரடியாகக் கலைக்கும் சிசிசிபி என்ற வேதிப்பொருளைப் போட்டாலும்தான் விழும்.

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் காஸ்பேஸ்-3 தேடுவது

அதில் கிடையாது.

காஸ்பேஸைத் தடுத்தால் செல் பிழைக்கும் என்பது

வெளிப்படலத்தில் துளை விழுந்தபின் பெரும்பாலும் பிழைக்காது. மெதுவாக, வேறு வழியில் சாகும். மறுநாளும் செல் வளர்க்கும் தட்டை எடுத்துப் பாருங்கள்.